ஆபரேஷன் முடிந்தது, டாக்டர் எங்கே?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றியவை. செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். செய்துகொண்டாயிற்று, இனி யாரைப் பார்ப்பது என்று கேட்டவர்களே அதிகம். பக்கத்தின் பெரும்பகுதி அவர்களுக்கு. கடிதங்களில் வரும் ஸ்லீவ் என்பது இரைப்பையைக் குழாய்போல வெட்டிச் சுருக்குவது, பைபாஸ் என்பது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு மாற்றி இணைப்பது.

ஸ்லீவ் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகிறது. செய்வதற்கு முன் சர்ஜன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். இப்போது போனால் டயட்டீஷியன் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சர்ஜன் எட்டிப் பார்த்து, ‘நல்லா இருக்கீங்களாம்மா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். காசு கட்டும்வரைதான் கவனிப்பா?
– வாசகி, ஈரோடு

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டயட்டீஷியனைக் குறைத்து எடை போடாதீர்கள். மூன்றாவது மாதத்தில் வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டுத் தட்டிலேயே தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா, ஒன்றரை லிட்டர் தண்ணீர் இறங்குகிறதா, சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்கிறீர்களா, இட்லியைப் பத்து நிமிடம் மென்று தின்னப் பொறுமை வந்துவிட்டதா என்பதையெல்லாம் நோண்டிக் கேட்க சர்ஜனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காக சர்ஜன் எட்டிப் பார்த்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். வாந்தி, வயிற்று வலி, ரத்தப் பரிசோதனை முடிவு, நீங்கள் விழுங்கும் மாத்திரைகள் ஆகியவற்றை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த முறை வாசலில் நின்று நலம் விசாரித்தால், ‘டாக்டர், என் பிளட் ரிப்போர்ட்டை நீங்க பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது.

சர்ஜனின் பொறுப்பு எத்தனை நாள் வரை?
– வாசகர், திருநெல்வேலி

தையல் பிரிப்பதோடு முடியாது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆயுள் முழுவதும் பார்ப்பதுதான் பரவலான நடைமுறை. பிரிட்டனில் நைஸ் என்ற அரசு வழிகாட்டி அமைப்பு, ஆபரேஷன் செய்த பிரிவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் பார்க்க வேண்டும், அதன் பிறகு குடும்ப மருத்துவரோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் எத்தனை விசிட் பேக்கேஜில் சேர்த்தி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஆனால் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நெறிமுறை விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவர் அவரைப் புறக்கணிக்கக் கூடாது, போதுமான முன்னறிவிப்பு இல்லாமல் விலகவும் கூடாது. பேக்கேஜ் முடிந்துவிட்டது என்பது முன்னறிவிப்பு ஆகாது.

சர்ஜனின் வாட்ஸப் எண்ணைக் கேட்டு வாங்கலாமா? தப்பாக நினைப்பாரோ?
– வாசகர், காரைக்குடி

கேளுங்கள். அவர் தரலாம், தன் கோஆர்டினேட்டர் எண்ணைத் தரலாம். ராத்திரி பதினோரு மணிக்கு யார் எடுப்பார்கள் என்பதுதான் முக்கியம். அதையும் சேர்த்தே கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காக வீடியோவிலோ போனிலோ வாட்ஸப்பிலோ தொடர்ந்து ஆலோசனை சொல்ல இடம் கொடுக்கிறது. ரிப்போர்ட் அனுப்பவும், மாத்திரை சந்தேகம் கேட்கவும் அது போதும்.

ஆனால் முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, இடது தோள்பட்டையில் புதிதாக வலி எடுத்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ செய்தி தட்டிக்கொண்டு இருக்காதீர்கள். தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வண்டியில் ஏறிய பிறகு போன் செய்யுங்கள். நீலக் குறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரமில்லை அது.

என் தம்பிக்குச் சென்னையில் ஆபரேஷன் செய்து ஆறு வாரம் ஆகிறது. ஒரு வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் டாக்டர் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போடலாம் என்கிறார். போடலாமா?
– வாசகி, சிவகங்கை

இது அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை என்பதால் உடனே போனில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக.

உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். ஆபரேஷன் செய்தவர் ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். அதோடு விடாத வாந்தியும் சேர்ந்தால் அந்த இருப்பு வேகமாகக் கரைந்துவிடும். அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிப்பதற்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகும். பார்வை இரட்டையாகத் தெரியும், கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கே பாதிப்பு என்று பெயர். தாமதித்தால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இதைத் தடுக்க வேண்டியது ஒரே ஒரு காரியம்தான். குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசியை நரம்பு வழியே போட வேண்டும். விலை மலிவான மருந்து.

உங்கள் ஊர் டாக்டர் மீது குறையில்லை. வாந்தியில் வறண்டு போனவருக்கு நீர் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் ‘வாந்தி நிற்காவிட்டால் குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுக்கவும்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் அதைச் செய்திருப்பார். சர்ஜன் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. அவர் எழுதிக் கொடுத்த தாள் இருக்க முடியும். கூடவே இருக்க வேண்டும் என்று நோயாளிகள் எதிர்பார்ப்பதில் பாதியை அந்த ஒரு தாள் நிறைவேற்றிவிடும்.

வாந்தி நின்றதோடு விட்டுவிடவும் கூடாது. ஆறாவது வாரத்தில் இப்படி வாந்தி எடுத்தால், ஸ்லீவில் எங்காவது குறுகியிருக்கலாம், பைபாஸ் என்றால் இணைப்பு இறுகியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி பார்த்துத்தான் தெரியும். அது சர்ஜனின் வேலை. அவர் தட்டிக்கழிக்க முடியாத வேலை.

ஆபரேஷனுக்குப் பிறகு கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது. சர்ஜனிடம் சொன்னால் சிரிக்கிறார்.
– வாசகி, திருப்பூர்

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்பதால் அவருக்குச் சிரிப்பு. ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால் நீங்களும் அவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள். ஒரு வருடம் கழித்தும் கொட்டினால் இரும்புச்சத்து, துத்தநாகம், புரதம், தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரையைக் குறைப்பது யார்? சர்ஜனைக் கேட்டால் சுகர் டாக்டரைக் கேளுங்கள் என்கிறார். சுகர் டாக்டரைக் கேட்டால் ஆபரேஷன் செய்தவரைக் கேளுங்கள் என்கிறார்.
– வாசகர், கோவை

குறைக்க வேண்டியவர் சுகர் டாக்டர். குறைக்கச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுத வேண்டியவர் சர்ஜன். இருவரும் ஒரு தடவை பேசிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு உங்களை அலையவிடுகிறார்கள்.

இதில் தாமதம் ஆபத்து. எடை இறங்குவதற்கு முன்பே, பைபாஸ் செய்த சில நாட்களிலேயே சர்க்கரை மளமளவென்று இறங்கத் தொடங்கும். பழைய அளவில் இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டுக்கொண்டு, கால் டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவீர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே. எடை குறையக் குறையப் பழைய அளவு அதிகமாகிவிடும், எழுந்து நின்றால் தலை சுற்றும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏற்றிவிடக்கூடிய மருந்து அது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே மாத்திரைப் பட்டியலை இருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

மனைவிக்கு பைபாஸ் செய்து மூன்று வருடம். நன்றாக இருந்தாள். இப்போது இரண்டு முறை வயிற்றைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலி வந்து, தானாகப் போனது. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பழைய சர்ஜனைத் தொந்தரவு செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

தொந்தரவா? அவர் போட்ட இணைப்பு ஐயா அது! நாளைக்கே போங்கள்.

பைபாஸில் குடலை வெட்டி இடம் மாற்றி இணைக்கிறார்கள். அப்போது குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கு இடையே சந்து உண்டாகும். அதைத் தைத்து மூடுவது வழக்கம். எடை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு கரையும்போது அந்தச் சந்து மறுபடி அகலலாம். குடல் அதற்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால் இப்படித்தான் முறுக்கி வலிக்கும். தானாக வெளியே வந்துவிட்டால் வலியும் போய்விடும். ஒரு நாள் வெளியே வராமல் இறுகிவிட்டால் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்தும் இது வரும். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் நார்மல் என்றாலும் வலி திரும்பத் திரும்ப வந்தால் லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. பைபாஸ் செய்து பழகியவருக்கு இது உடனே மனதில் உதிக்கும். வேறொருவருக்கு உதிக்காமல் போகலாம். ஆகவே இந்த வலியில் டயட்டீஷியனோ கோஆர்டினேட்டரோ பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சர்ஜன்தான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள்.

கிளினிக்கில் போட்ட ஊசி என்னவென்று கேட்டுப் பாருங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் ஆகாது. இணைப்பில் புண் வரும். புகை பிடித்தாலும் அதே புண். பாராசிட்டமால் பரவாயில்லை. இதை ஒரு அட்டையில் எழுதி மனைவியின் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

பெரிய டாக்டர் செய்வார் என்று நம்பித்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜூனியர்தான் செய்தார் என்று இப்போது காதில் விழுகிறது. தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், மதுரை

உண்டு. ஆபரேஷன் நோட்ஸ் கேளுங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று முன்னே சொன்ன 2002 விதிகளிலேயே இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகளாவது பத்திரப்படுத்தவும் வேண்டும். பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் ஒரு குழுவின் வேலை. ஜூனியர் கேமரா பிடித்தார், தையல் போட்டார் என்பதில் தவறில்லை. ஆனால் முக்கியமான பகுதியை யார் செய்வார் என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நோட்ஸ் கைக்கு வந்ததும் அந்தப் பெரியவரிடமே நேரில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவு ஆகாது.

ஐந்து வருடத்துக்கு முன் 118 கிலோவில் ஸ்லீவ் செய்துகொண்டேன். 80 வரை இறங்கினேன். இப்போது 94. சர்ஜனைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. போன முறை, ‘நான் என் வேலையைச் செஞ்சுட்டேன், நீங்கதான் கெடுத்துக்கிட்டீங்க’ என்றார். அதற்குப் பிறகு போகவில்லை.
– வாசகி, சென்னை

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதால் ஒரு நோயாளி வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு சர்ஜன் செய்யக்கூடிய கெடுதல்களில் இது சின்னதில்லை.

நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கும் உங்கள் பழைய எடையில் ஐந்தில் ஒரு பங்கு கீழே இருக்கிறீர்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையுமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக இருந்தது. கொஞ்சம் ஏறுவது உடம்பின் இயல்பு. எடை இறங்கியதும் உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கும் வேகத்தைக் குறைக்கும். மனத்திடம் குறைந்ததால் வந்த வினை என்று இதைப் பேசுவது மருத்துவம் ஆகாது.

ஏறியதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஸ்லீவ் விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியிலோ பேரியம் எக்ஸ்ரேயிலோ பார்க்க வேண்டும். தைராய்டு, மனச்சோர்வு மாத்திரை, தூக்கம், மாதவிடாய் நிற்கும் வயது எல்லாவற்றையும் கேட்க வேண்டும். நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது அதிகம் வரும். உணவில் திருத்தம், செமாக்ளூடைட், டிர்ஸெபடைட் போன்ற ஊசி மருந்துகள், தேவைப்பட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. அந்த ஊசிகள் 2025-இலிருந்து இந்தியாவிலும் எடைக் குறைப்புக்கென்றே கிடைக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அவரிடமே போக மனமில்லை என்றால் இன்னொரு சர்ஜனிடம் போங்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மகளுக்கு 27 வயது. ஆபரேஷன் செய்து எட்டு மாதம். நல்ல வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லத்தான் வேண்டுமா? கல்யாண விஷயத்தை சர்ஜனிடமும் சொல்ல வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். அவருக்கு எதற்கு?
– தாயார், சேலம்

அம்மா, உங்கள் மகள் விவரமானவர். சர்ஜனிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது. எடை வேகமாகக் குறைகிற காலத்தில் குழந்தைக்குப் போக வேண்டிய சத்து போதாமல் போகும். இன்னொரு பக்கம், நீர்க்கட்டியால் மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு எடை குறைந்ததும் கரு தரிக்கும் வாய்ப்பு கூடிவிடும். ‘எனக்கு லேசில் தங்காது’ என்று நினைத்துக் கவனக்குறைவாக இருந்துவிடக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. வேறு முறையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரைக்காகக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டில் ஒரு வாரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அதற்கு மாற்று. இதையெல்லாம் மகப்பேறு மருத்துவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர் சர்ஜன்.

மாப்பிள்ளை வீட்டார் விஷயம். சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மகள். என் அபிப்பிராயம், அந்தப் பையனிடம் மகளே சொல்லிவிடட்டும். தினமும் மாத்திரை விழுங்கவும் கொஞ்சமாகச் சாப்பிடவும் வேண்டிய பெண், புகுந்த வீட்டில் ஒளிந்து விழுங்கினால் ஒரு மாதத்தில் மாத்திரை நின்றுபோகும். மறுவீட்டு விருந்தில் இலை நிறையப் பரிமாறிவிட்டு, ‘என்ன, சமையல் பிடிக்கலையா?’ என்பார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘அவளுக்கு அவ்வளவுதான் இறங்கும்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

வாரம் ஒரு பெக் உண்டு. தொடரலாமா?
– வாசகர், புதுச்சேரி

வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஒரு பெக் வேகமாக ரத்தத்தில் ஏறும், நெடுநேரம் நிற்கும். அதுவரை அளவோடு இருந்தவர்கள்கூடப் பின்னாளில் குடிக்கு அடிமையாவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சர்ஜன் கேட்கவில்லை என்றாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் சைவம். பைபாஸ் செய்து இரண்டு வருடம். உடம்பு நன்றாக இருப்பதால் வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை. இதற்காக வருடா வருடம் சென்னைக்குப் போக வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருக்கும். அது தீரும்வரை நன்றாகத்தான் தெரியும். தீர்ந்த பிறகு உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும், நடை தடுமாறும். நரம்பு கெட்ட பிறகு ஊசி போட்டால் முழுதும் திரும்பும் என்று உத்தரவாதம் இல்லை. சைவ உணவில் பி12 குறைவு, பைபாஸில் அதை உறிஞ்சுவதும் குறைவு. மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் குறைவு. இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள்.

கால்சியம், சிட்ரேட் வகையாக நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டிகிரி காபியோடு இரும்பு மாத்திரை போட்டால் பாதி வீண். தைராய்டு மாத்திரை உண்டென்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம்.

சென்னைக்கு வருடா வருடம் போக வேண்டிய அவசியமில்லை. கும்பகோணத்திலேயே ரத்தம் கொடுங்கள், முடிவை அனுப்புங்கள், வீடியோவில் பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் உங்கள் ஊர் பொது மருத்துவரிடம் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரை மாற்றலாம், டாக்டரை மாற்றலாம். பரிசோதனையை மட்டும் நிறுத்தக் கூடாது.

நான் எடைக் குறைப்பு ஆபரேஷன்கள் செய்யும் மருத்துவர். முதல் வருடம் தாண்டியதும் நோயாளிகள் வருவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. பிறகு ரத்தசோகையோடு வந்து, ‘நீங்க கவனிக்கலை’ என்கிறார்கள். எங்களை மட்டும் குறை சொல்வது நியாயமா?
– பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர்

உங்கள் வருத்தம் உண்மை. நோயாளிகள் நழுவிப் போவது உலகம் முழுக்க உள்ள சிக்கல். ஆனால் அவர்கள் ஏன் நழுவுகிறார்கள் என்று பாருங்கள். நலமாக இருப்பதாக நினைப்பவர் வருவதில்லை. எடை ஏறியவர் திட்டுவீர்கள் என்று வருவதில்லை. ராமநாதபுரத்துக்காரர் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் கணக்குப் பார்த்து வருவதில்லை. இந்த மூவருக்கும் ஒரே குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு, வரவில்லை என்று வருந்தினால் போதாது.

உங்கள் துறையின் வரலாறே ஒரு பாடம். 1950-களிலும் 60-களிலும் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். எடை அருமையாக இறங்கியது. ஆண்டுகள் கழித்துத்தான் கல்லீரல் செயலிழப்பும் சிறுநீரகக் கல்லும் சத்துக் குறைவும் கூட்டமாகத் தெரியவந்து, அந்த முறையையே கைவிட்டார்கள். பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததால்தான் அது தெரிந்தது. 1966-இல் இரைப்பை பைபாஸை அறிமுகப்படுத்திய அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், பிற்காலத்தில் நோயாளிகளின் நெடுநாள் விவரங்களைத் திரட்ட ஒரு தேசியப் பதிவேட்டையே உருவாக்கினார். தான் வைத்த கத்தியின் விளைவைப் பத்தாண்டு கழித்தும் அறிந்தாக வேண்டும் என்று ஒரு சர்ஜன் நினைத்ததன் அடையாளம் அது.

டிஸ்சார்ஜ் அன்றே ஒரு கடிதம் குடும்ப மருத்துவருக்குப் போகட்டும். ஆண்டுப் பரிசோதனையை நோயாளியின் ஊர் லேபிலேயே செய்ய ஏற்பாடு ஆகட்டும். வராதவருக்கு ரிசப்ஷனை விட்டுப் பேசச் சொல்லாமல் ஒருமுறையாவது நீங்களே போன் செய்யுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எடுப்பார்கள் டாக்டர். உங்களை நம்பித்தானே மயக்க மருந்துக்குக் கண்ணை மூடினார்கள்.

சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்ப இருக்கிறேன். அங்கே யாரிடம் காட்டுவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

விமானம் ஏறும் முன் ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைப் பட்டியல், பரிசோதனை அட்டவணை நான்கையும் கையில் வாங்குங்கள். பைபாஸ் என்றால் எந்த வகை, குடலில் எத்தனை சென்டிமீட்டரைத் தவிர்த்து இணைத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். நாளைக்கு அவசரமென்றால் உங்கள் ஊர் சர்ஜனுக்கு வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான். ஊர் வந்ததும் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் போய்ப் பார்த்து, அறிமுகப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், நாமக்கல்

இதைக் கேட்ட உங்களுக்கு முதலில் ஒரு பாராட்டு. மற்ற கடிதங்களில் பலவும் இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்காததால் வந்தவை.

இரண்டாம் வருடம் என்னை யார் பார்ப்பார், ஐந்தாம் வருடம் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். ‘நான்தான்’ என்றால், நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் என்று கேளுங்கள். நடுராத்திரி வலித்தால் எந்த எண், அதை எடுப்பவர் எடைக் குறைப்பு ஆபரேஷன் தெரிந்தவரா, ட்யூட்டி டாக்டரா என்று கேளுங்கள். சிக்கல் வந்து மறுபடி அட்மிட் ஆனால் பேக்கேஜில் சேர்த்தியா, தனிச் செலவா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பித்தப்பைக் கல் வராமலிருக்க மாத்திரை தருவாரா, எத்தனை மாதம் என்றும் கேட்கலாம். எடை வேகமாகக் குறையும்போது கல் உண்டாகும் என்பதால் ஆறு மாதம் தருவது வழக்கம்.

காப்பீடு இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். காப்பீட்டு ஒழுங்காணையம் 2019-இல் வகுத்த வாசகத்தின்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவை இருக்க வேண்டும். அதற்கு முன் மற்ற முறைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இன்றைய மருத்துவச் சங்கங்களின் பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5-லேயே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. டாக்டர் தகுதி என்று சொல்பவரைக் காப்பீடு தகுதியில்லை என்று சொல்லக்கூடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பல பாலிசிகள் 60 அல்லது 90 நாளோடு நிறுத்திவிடும். ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் உங்கள் பையிலிருந்துதான். மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று டயட்டீஷியனிடம் கேட்டு வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்ததில் ஊரே பாராட்டுகிறது. எனக்கு மட்டும் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதைப் போய் சர்ஜனிடம் சொல்வதா?
– வாசகி, விருதுநகர்

சொல்லுங்கள். தயங்காமல், இந்த வாரமே. ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது அபூர்வமில்லை, தற்கொலை எண்ணம் கூடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வேறு வழி யாரும் காட்டுவதில்லை. சர்ஜன் மருந்து எழுத வேண்டியதில்லை, ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போதும். பழைய மனநல மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவராக இருந்தால், ஆபரேஷனுக்குப் பின் அது உறிஞ்சப்படும் அளவு மாறியிருக்கலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தாங்க முடியாத இரவு என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

எனக்கு ஆபரேஷன் செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆஸ்பத்திரியும் கை மாறிவிட்டது. ஏழு வருடம் ஆகிறது. இனி நான் யாருடைய நோயாளி?
– வாசகர், வேலூர்

பழைய ஆஸ்பத்திரியில் ஆவணம் மிச்சமிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு எண்டோஸ்கோப்பியில் என்ன ஆபரேஷன் நடந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வேலூரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொது மருத்துவர் ஒருவரிடம் போய், பைபாஸா ஸ்லீவா, எந்த வருடம், என்ன மாத்திரை என்று சொல்லி ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பி.டி.எச். பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இதுவரை எடுத்ததில்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து அடுத்த வருடத்துக்குத் தேதி எழுதிக் கொடுத்தால், நீங்கள் அவருடைய நோயாளி.